பதினோரு கிலோ செம்புடன் குரோம்பேட்டைக்கு

தீபாவளிக்கு முன்னால் மலேசியாவில் எங்கள் ஈப்போவிலிருந்து மெட்ராசுக்குப் போகிற பெண்கள் காலிப் பெட்டியோடு போய்ப் புடவையோடு திரும்புவார்கள். நான் போகும்போதே பையை நிரப்பிக்கொண்டு போனேன். உள்ளே இருந்தது பதினோரு கிலோ கருகிய செம்புக் கம்பி, கூடவே அதன் இரும்புக் கூடு. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி பையைத் திறந்து பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் லென்ஸ் என்றேன். அவர் கம்பிச் சுருளை இப்படியும் அப்படியும் புரட்டிக் கண்ணாடியைத் தேடினார். விரல் கரியானதுதான் மிச்சம். பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, “மோட்டார் காயில் சார், எரிஞ்சு போச்சு. எங்க வீட்ல போன மாசம் இதேதான்,” என்றார். இரண்டு பேரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் சொன்னது பெரிய தப்பும் இல்லை. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் என்பது ஓர் ஆள் உயரத்துக்கு நிற்கும் இரும்புத் தூண். உள்ளே இருக்கும் காற்றைப் பம்ப் வைத்து உறிஞ்சி வெளியேற்றிவிட்டு, உச்சியிலிருந்து எலக்ட்ரான்களைக் கீழே பாய்ச்ச வேண்டும். அவற்றைக் குவிக்கக் கண்ணாடி உதவாது, காந்தம்தான் வேண்டும். இரும்புக் கூட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுற்றி மின்சாரம் கொடுத்தால் அதுதான் லென்ஸ். நான் பள்ளிக்கூடத்து ஆய்வகத்தில் உதவியாளர். ஒரு மருத்துவமனை கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பைக் கெஞ்சி வாங்கி, ஆறு வருடமாக ஒவ்வொரு திருகாகக் கழற்றித் துடைத்து உயிர்ப்பித்துக்கொண்டிருந்தேன். எல்லாம் கூடிவந்த நேரத்தில் முக்கியமான லென்ஸின் காயில் புகைந்துபோனது. செய்த கம்பெனி அந்த மாடலை நிறுத்திப் பல காலம். எங்கள் ஊர் கடைகளில் அதைத் திரும்பச் சுற்றித் தர ஒருவரும் முன்வரவில்லை.

மைக்ராஸ்கோப் நின்றது என் தம்பி சேகர் வீட்டு முன்கூடத்தில். அவன் காடி நிற்க வேண்டிய இடம் அது. காரை நாங்கள் காடி என்போம். காயில் புகைந்த அன்று அவன் சத்தம் போடவில்லை, சோறு சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னான்: “தீபாவளி வரைக்கும்தான் அக்கா. அதுக்குள்ள ஓடலைன்னா பழைய இரும்பு லாரியக் கூப்பிட்டுருவேன். ஆறு வருசமா என் காடி மழையில நிக்குது.” வீடு அவனுடையது, நியாயமும் அவனுடையது. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம்.

அப்போது நினைவுக்கு வந்தவர் தனபால். குரோம்பேட்டையில் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருப்பவர், அதாவது எரிந்துபோன பம்புசெட் மோட்டார்களுக்குக் கம்பி சுற்றித் தருபவர். தோல் ஆராய்ச்சிக் கூடம் ஒன்று ஏலத்தில் விட்ட மைக்ராஸ்கோப்பை வாங்கி, அதன் லென்ஸ் காயில்களையெல்லாம் தன் கையாலேயே சுற்றி ஓடவிட்டவர். ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையின் வாசகர் பகுதியில் அவருடைய கடிதத்தைப் பார்த்ததிலிருந்து மூன்று வருடமாக எங்களுக்குள் தபால் போக்குவரத்து. அவருடையதும் என்னுடையதும் அச்சு அசல் ஒரே மாடல். “காயிலை எடுத்துக்கினு வாங்கக்கா, பாத்துக்கலாம்” என்று ஓர் உள்நாட்டுத் தபால் அட்டையை உறைக்குள் போட்டு அனுப்பியிருந்தார்.

விமான நிலையத்தில் எனக்காகக் காத்திருந்த தனபால், நாற்பது வயது, நல்ல உயரம், சட்டைப் பையில் டெஸ்டர். இரண்டே ஸ்டேஷனுக்கு டாக்சி எதற்கு என்று எதிரே இருந்த திரிசூலம் ஸ்டேஷனுக்கு அழைத்துப் போனார். வேலை விட்டு வீடு திரும்பும் நேரம். எங்கள் ஊர் ரயிலில் ஆட்கள் உட்கார்ந்து தூங்குவார்கள். இங்கே ஒருவர் மூச்சு விட்டால் அடுத்தவர் இழுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. குரோம்பேட்டை வந்ததும் வாசல் பக்கம் நகர முடியவில்லை. “பையக் குடும்மா, நாங்க எறக்கிடறோம்” என்றார் ஒருவர். பை தலைகளுக்கு மேலே கை மாறிக் கை மாறிப் போய், பிளாட்பாரத்தில் பத்திரமாக இறங்கியது. நானும் தனபாலும் இறங்கவில்லை. வண்டி புறப்பட்டுவிட்டது.

ஜன்னல் வழியே என் ஆறு வருடம் பின்னால் போவதைப் பார்த்தேன். அடுத்த ஸ்டேஷனான சானடோரியத்தில் குதித்து, எதிர் வண்டி பிடித்துத் திரும்பினோம். தனபாலை நான் என்னவெல்லாம் திட்டினேன் என்று அவர் பின்னாளில் கடிதத்தில் எழுதியிருந்தார், எனக்கு நினைவில்லை. குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் ஒரு கீரைக்காரம்மா கூடையைப் பக்கத்தில் வைத்துவிட்டு என் பையின் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“இன்னாம்மா, இத்தையா வுட்டுட்டுப் போயிட்ட? ரெண்டு பேர் வந்து தூக்கிப் பாத்தானுங்க. தூக்க முடில. அப்பறந்தான் நான் குந்திகினேன்.”

கையில் பணம் கொடுத்தால் வாங்கமாட்டேன் என்றார். அதற்குப் பதிலாக நாலு கட்டு அரைக்கீரையை என் தலையில் கட்டினார். அன்று ராத்திரி தனபாலின் மனைவி கலாவதி அதைக் கடைந்து போட்டதில் நான் மூன்று முறை சோறு வாங்கினேன்.

மறுநாள் காலை இட்லியோடு வடகறி. எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குப் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். வடகறியை இத்தனை வருடம் எனக்குச் சொல்லாமல் ஒளித்துவைத்த என் சொந்தக்காரர்கள் மேல் வருத்தம் வந்தது. குரோம்பேட்டையை ஒட்டிய அஸ்தினாபுரத்தில் தனபாலின் வீடு அவர்களுடைய பழைய வயலிலேயே கட்டியது. சுற்றிலும் மனைகளாகி வீடுகள் முளைத்துவிட்டன, கிணறும் பம்புசெட் அறையும் மட்டும் மிச்சம். அந்த அறையில், மோட்டாருக்காகப் போட்ட கான்கிரீட் மேடையின் மேல் நின்றது மைக்ராஸ்கோப். மேடைக்கு அதிர்வே கிடையாது, பணக்கார ஆய்வகங்கள் இதற்காகத் தனி அஸ்திவாரம் போடுவார்கள். அதையெல்லாம் ரசித்துவிட்டு, தூணின் உச்சியில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டியிருந்ததைப் பார்த்து முகத்தைச் சுளித்தேன்.

எனக்குச் சுத்தம் விஷயத்தில் வாய் நீளம். உள்பாகத்தில் ஒரு விரல் ரேகை பட்டால் போதும், அதன் எண்ணெய்ப் பசை பம்பை மணிக்கணக்கில் ஓடவைக்கும். அதனால் ஈப்போவிலிருந்தே ஒரு பெட்டி ரப்பர் கையுறை கொண்டுவந்திருந்தேன். தனபாலுக்கு ஒரு ஜோடி, கலாவதிக்கு ஒரு ஜோடி, மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரருக்கும் ஒரு ஜோடி. கையுறை இல்லாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று வகுப்பு எடுத்தேன். தனபால் உடனே போட்டுக்கொண்டார். ரப்பருக்குள் அவருடைய பெரிய விரல்கள் பிதுங்கின.

பிறகு அவர் வேலையைப் பார்த்தேன். காயிலை, கையால் சுழற்றும் சுற்று மெஷினில் ஏற்றி, பழைய கம்பியைப் பிரித்தார். எண்ணும் கருவி டிக் டிக்கென்று ஓடியது. அதை நம்பாமல் நானும் வாய்க்குள் எண்ணினேன். பதினோராவது அடுக்கில் மிளகு அளவுக்கு ஒரு கருப்புப் புள்ளி. அங்கேதான் பூச்சு உரிந்து கம்பியும் கம்பியும் தொட்டுக்கொண்டு எரிந்திருக்கிறது.

“இத்துனூண்டு,” என்றார் தனபால். “இதுக்காவா பிளேன் ஏறி வந்தீங்க?”

சாயங்காலத்துக்குள் புதுக் கம்பி சுற்றியாகிவிட்டது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் தாள் வைத்து, கம்பியோடு கம்பி இடைவெளி விடாமல் அவர் படியவைத்த அழகைப் பார்க்க, கம்பெனியில் சுற்றியதே கொஞ்சம் அவசரத்தில் செய்ததோ என்று தோன்றியது. வார்னிஷ் ஊற்றி, நாலு குண்டு பல்பு எரியும் பெட்டிக்குள் காய வைத்தோம். திட்டம் இதுதான்: அவர் மைக்ராஸ்கோப்பில் இருக்கும் நல்ல லென்ஸைக் கழற்றிவிட்டு, என் லென்ஸை மாட்டிப் படம் தெரிகிறதா என்று பார்ப்பது. தெரிந்தால் நான் நிம்மதியாக விமானம் ஏறுவேன். தெரியாவிட்டால் இரும்பு லாரி.

நாளைக் காலை மாட்டிவிடலாம் என்றேன். தனபால் கலாவதியைப் பார்த்தார். கலாவதி என்னைப் பார்த்தார். நாளைக்கு ஆயுத பூஜை, கருவி எதையும் தொடக்கூடாது என்று மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு இருந்ததே இன்னும் இரண்டு முழு நாள், மூன்றாம் நாள் காலையில் விமானம். எங்கள் ஊரில் காடிக்குப் பொட்டு வைத்து எலுமிச்சை நசுக்கி ஐந்தே நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுவோம், நீங்கள் மட்டும் என்ன என்று கொதித்தேன். கலாவதி, வார்னிஷ் காய எப்படியும் ஒரு நாள் ஆகுமே அக்கா என்று கேட்டார். போய்ப் படுத்துவிட்டேன்.

பூஜையன்று அந்த அறையை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மைக்ராஸ்கோப்பைத் துடைத்து மாலை போட்டிருந்தார்கள். வாழை இலையில் ஸ்பேனர்கள், டெஸ்டர், சுற்று மெஷின். பக்கத்தில் மொபெட். இன்னொரு இலையில், பல்புப் பெட்டியிலிருந்து வந்த என் காயில், அதன் இரும்புக் கூடு, பளபளவென்ற மூடி. கலாவதி சந்தனக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார். “உங்க லென்ஸ். நீங்களே வைங்கக்கா.”

நான் கோயிலுக்கு அடிக்கடி போகிறவள் இல்லை. ஆனாலும் கையுறையைக் கழற்றினேன். ஆறு வருடம் கண்ணுக்குள் ஓடியது. காயிலுக்கு ஒரு பொட்டு, கூட்டுக்கு ஒரு பொட்டு. மூடியின் நடுவில் ஓட்டை இருந்ததால் விளிம்பில் பெரிதாக, வட்டமாகச் சந்தனம் வைத்து, அதன் மேல் தாராளமாகக் குங்குமம். கற்பூரம் காட்டினார்கள். நான் வேண்டிக்கொண்டதைச் சொன்னால் வெட்கக்கேடு, அதனால் விட்டுவிடுகிறேன்.

மத்தியானம் நானும் தனபாலும் பூஜை முடிந்த மொபெட்டில் தாம்பரத்துக்குப் போய், லேத் பட்டறை வைத்திருக்கும் வின்சென்ட்டிடம் புது ரப்பர் வளையம் வாங்க வேண்டியிருந்தது. லென்ஸும் தூணும் சேரும் இடத்தில் காற்றுப் புகாமல் அடைப்பது அந்த வளையம்தான். வின்சென்ட் தனபாலின் கூட்டாளி, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவர் பட்டறையிலும் லேத்துக்கு மாலை தொங்கியது. பசங்களுக்காக வருஷா வருஷம் நடத்துவதாம். வளையம் நேற்றே வெட்டி வைத்துவிட்டேன் சிஸ்டர், இன்று கத்தியைத் தொடமாட்டேன் என்று சொல்லி, வளையத்தோடு ஒரு பை நிறையப் பொரியும் கடலையும் கொடுத்தார்.

திரும்பும்போது ஜி.எஸ்.டி. சாலை முழுக்கப் பூசணிக்காய். கடைக்குக் கடை திருஷ்டி சுற்றி நடுரோட்டில் உடைத்திருந்தார்கள். எங்கள் மொபெட் அதில் ஒன்றின் மேல் ஏறி, ஒரு சறுக்குச் சறுக்கி, எங்களை உட்கார்ந்த நிலையிலேயே தார் ரோட்டில் இறக்கிவிட்டது. சிராய்ப்பு மட்டும்தான். ஓடிவந்தவர்களில் ஒருவர் எங்களைத் தூக்குவதற்கு முன்னால், அட, பொரி மொத்தமும் போச்சே என்று வருந்தினார். நான் நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்தேன். ஈப்போவில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. வளையம் என் கைக்குட்டைக்குள் பத்திரமாக இருந்தது.

விஜயதசமி காலை. எதைத் தொடங்கினாலும் நல்லபடியாக முடியும் நாளாம். சந்தனத்தையெல்லாம் நானே ஸ்பிரிட் துணியால் துடைத்தேன், காயிலைக் கூட்டுக்குள் இறக்கி மூடினோம், தனபாலின் லென்ஸைக் கழற்றி என்னுடையதை மாட்டினோம். கலாவதி சாம்பிள் தயாரித்தார். பழைய பேட்டரியின் துத்தநாகத் தகட்டை தனபால் காஸ் விளக்கில் எரிக்க, வெள்ளைப் புகை எழும்பும். அந்தப் புகையைப் பிடிக்க, கண்ணுக்கே தெரியாத மெல்லிய படலம் வேண்டும். கலாவதி தன் நிறமில்லாத நெயில் பாலிஷை அசிட்டோனில் கரைத்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் படரவைத்து, பொட்டு அளவுள்ள செம்பு வலையால் அதை அள்ளி எடுத்தார். இந்த வேலை எனக்குப் பத்துக்கு எட்டு முறை கிழியும். அவருக்கு ஒன்றுகூடக் கிழியவில்லை. அந்த வலையைப் புகையில் காட்டி மைக்ராஸ்கோப்புக்குள் வைத்தோம்.

பம்பைப் போட்டோம். காற்றின் அளவு காட்டும் முள் கொஞ்சம் இறங்கி, பாதி வழியில் நின்றுவிட்டது. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. அசையவில்லை. எங்கேயோ காற்றுப் புகுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த தனபாலின் மைக்ராஸ்கோப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன். தனபால் வளையத்தைச் சந்தேகப்பட்டு வின்சென்ட்டுக்கு ஆள் அனுப்பினார். பஸ் பிடித்து வந்த வின்சென்ட், “என் ரிங்கு மேல பழி போடாத மச்சான். வேற எங்கனா பாரு,” என்று உட்கார்ந்துவிட்டார். யாரோ வெறுங்கையால் தொட்டிருக்க வேண்டும் என்று நான் சொன்னேன். சொல்லும்போது தனபாலின் கையைப் பார்த்தேன். அவர் வெளியே போய்க் கிணற்றடியில் நின்றார்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒவ்வொரு இணைப்பாக ஸ்பிரிட் தொட்டு வர வேண்டும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஸ்பிரிட் உள்ளே இழுக்கப்பட்டு முள் துள்ளும். கலாவதி பஞ்சுத்திரியால் தொட்டுக்கொண்டே வந்தார், நான் முள்ளைப் பார்த்தேன். மேலிருந்து முதல் இணைப்பு, இல்லை. இரண்டாவது, மூன்றாவது, இல்லை. நாலாவதில் முள் எகிறியது. அது என் லென்ஸ்.

தனபாலைக் கூப்பிட்டு, காற்றை உள்ளே விட்டுத் திறந்தோம். வின்சென்ட் பூதக்கண்ணாடியை வைத்து, மூடி விளிம்பில் வளையம் உட்காரும் பள்ளத்தில் ஓர் இடத்தைக் காட்டினார். சிவப்பாக, ரவையில் பாதி அளவுக்கு ஒரு துகள்.

“குங்குமம்,” என்றார்.

தனபால் கலாவதியைப் பார்த்தார். மூடியின் விளிம்பில் பொட்டு வைத்தது யார் என்று கலாவதிக்கு நன்றாகத் தெரியும். அவர் தலையைக் குனிந்துகொண்டு, தன் மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளத் தயாராக நின்றார். அதைப் பார்த்ததும் எனக்கு அவமானத்தைவிட அன்புதான் பெருகியது.

“நான்தான் வச்சேன்,” என்றேன். “கையுறை இல்லாம.”

தனபால் முதலில் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. “ரெண்டு நாளா கையுறை, கையுறைன்னு எங்க உசுர எடுத்தீங்களேக்கா.” பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கும்பிட்டது தப்பில்ல. வெச்ச எடந்தான் தப்பு.” அவர் கையை அப்படிப் பார்த்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அதற்கு அவர், இன்னும் ஒரு ஜோடி கையுறை கொடுங்கள், இது கிழிந்துவிட்டது என்றார்.

பள்ளத்தைப் பஞ்சும் ஊசியும் வைத்துச் சுத்தம் செய்து, வளையத்தை உட்காரவைத்து, திரும்பப் பம்பைப் போட்டோம். தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் முள் அடியில் கிடந்தது. ஜன்னலில் கருப்புத் துணி, கதவில் கருப்புத் துணி. வெளியே நல்ல வெயில், உள்ளே கும்மிருட்டு. தனபால் உயர் மின்னழுத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றினார். வெடிக்கவில்லை. தூணின் அடியில் இருக்கும் கண்ணாடி ஜன்னலுக்குள், திரையில் பச்சை வெளிச்சம் பரவியது. “உங்க லென்ஸ். நீங்களே திருப்புங்க,” என்று நகர்ந்து இடம் கொடுத்தார்.

குமிழைத் திருப்பினேன். என் காயிலுக்குள் மின்சாரம் ஏறியது. பச்சையில் கலங்கலாக ஏதோ நிழல். இன்னும் கொஞ்சம். நிழல் சுருங்கி, விளிம்பு கட்டி, சட்டென்று நெருஞ்சி முள். எந்தப் பக்கம் போட்டாலும் ஒரு கால் மேலே நிற்குமே, அதே வடிவம். ஒன்றல்ல, நூற்றுக்கணக்கில், ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்துகொண்டு, ஒவ்வொரு காலும் ஊசிபோலக் கூர்மையாக. வெறும் புகை என்று நினைத்தது இத்தனை ஒழுங்காக இருக்கிறது. நான் வாய்விட்டு அழுதேன், சிரித்தேன், கலாவதியின் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். தன் நெயில் பாலிஷ் மேலா இதெல்லாம் நிற்கிறது என்று கலாவதி கேட்டுக் கேட்டுப் பார்த்தார். வின்சென்ட் நெடுநேரம் குனிந்தே இருந்தார். தனபால் கடைசியாகப் பார்த்துவிட்டு, தன் லென்ஸைவிட என்னுடையது சுத்தமாகக் காட்டுகிறது என்று முணுமுணுத்தார். இரண்டையும் சுற்றியது அவர்தான், பிந்தியதில் கை இன்னும் தேறியிருக்கிறது. பிறகு அதைக் கழற்றி, வார்னிஷ் தாளில் சுற்றி, என் பைக்குள் வைத்துக் கட்டினார்.

ஸ்டேஷன் பக்கம் இருந்த ஐ.எஸ்.டி. பூத்துக்கு ஓடினேன். கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று, போனே இல்லாமல் ஈப்போவுக்குக் கேட்கும்படி கத்தினேன். “தெரியுதுடா சேகர். படம் தெரியுது. லென்ஸ் ஓடுது.” வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அங்கே எட்டரை மணி இருக்கும். சேகர் சரி என்றான். அவ்வளவுதான். இன்னும் ஏதாவது சொல்வான் என்று காதை அழுத்திக் கேட்டேன். அவன் மூச்சுக்குப் பின்னால் ஏதோ சத்தம், டொக் டொக்கென்று தாளம் தவறாமல். எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம். மைக்ராஸ்கோப்பின் பம்பு சும்மா கிடந்தால் எண்ணெயில் தண்ணீர் சேர்ந்து துருப்பிடித்துவிடும். தினமும் இரவில் அரை மணி நேரம் ஓட்டிவிடுவது என் வழக்கம். அந்தச் சத்தம் கேட்டாலே சேகர் எரிந்து விழுவான். கிளம்பிய அவசரத்தில் அதை யாரிடமும் சொல்லிவிட்டு வர மறந்திருந்தேன்.

“அங்க என்னடா சத்தம்?”

“உன் பம்புதான். நீ போன நாள்ல இருந்து போடுறேன்,” என்றான். “அரை மணி நேரம் போதுமா அக்கா, இல்ல கூடப் போடணுமா?”

போதும் என்றேன், ஆனால் போனை வைக்காமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டு நின்றேன்.